தக்கலையில் ஒரு செராமிக் கிரில்: அதற்கு எந்தக் கரி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வளைகுடாவிலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன், முட்டை வடிவத்தில் ஒரு செராமிக் கிரில்லைக் கொண்டுவந்து வீட்டின் பின்புறம் வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் சாக்குக் கரி வாங்கிப் போட்டுப் பார்த்தார்களாம். மூடியிலுள்ள வெப்பமானியின் முள் 300 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் தீ அடங்கிவிடுகிறது. இடையிடையே பொறி பறக்கிறது. நெய்மீன் துண்டில் ஒரு கசப்பு. இறக்குமதிக் கரியின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஓக் மரக் கரிதான் வேண்டுமா, இல்லை வீட்டில் குவிந்து கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் போட்டால் போதுமா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓக் தேவையில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலக் கரியே உங்கள் கிரில்லுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சாக்கிலிருந்து அப்படியே கொட்டக் கூடாது. பெரிய துண்டாகப் பார்த்து வாங்கி, சலித்து, காயவைத்துப் போட வேண்டும். சிரட்டைக் கரி துணைக்கு நல்லது, தனியாக வேண்டாம். எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால், துண்டு என்ன அளவு, ஈரம் எவ்வளவு, தூள் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் அடுப்பில் வந்த தொல்லையில் பெரும்பகுதி இந்த மூன்றிலிருந்து வந்ததுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஜப்பானில் சோறு சமைக்கப் பயன்பட்ட மூடியுள்ள மண் அடுப்புதான் இந்தக் கிரில்லுக்கு முன்னோடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் பிறகு அதைச் செராமிக்கில் செய்து பரப்பியது. தடித்த செராமிக் சுவர் சூட்டை வெளியே விடாது. அதனால் கொஞ்சம் கரியும் கொஞ்சம் காற்றும் இருந்தாலே வேலை நடக்கும்.

அந்தக் கொஞ்சம் காற்றில்தான் சங்கதி இருக்கிறது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ அல்பாம் (கரித்தீயில் சுடும் அரபுக் கோழி) கடைகளில் பார்த்திருப்பீர்கள். திறந்த இரும்புத் தொட்டி, நான்கு பக்கமும் காற்று, தேவைப்பட்டால் ஒரு விசிறி. அங்கே தூள் கலந்த கரியும் எரியும், ஈரக் கரியும் எப்படியோ எரிந்துவிடும். செராமிக் கிரில்லில் காற்று நுழைய அடியில் ஒரே ஒரு சின்னக் கதவு. அங்கிருந்து அடித்தட்டின் ஓட்டைகள் வழியாக ஏறி, கரிக் குவியலுக்குள் புகுந்து, மேல் மூடியின் துவாரம் வழியாக வெளியேற வேண்டும். 225 ஃபாரன்ஹீட்டில், அதாவது நம் கணக்கில் 107 டிகிரியில், நீண்ட நேரம் இறைச்சி வேகவைக்கும்போது அந்தக் கதவு ஒரு விரல் அகலம்கூடத் திறந்திருக்காது. அந்த வழியில் கரித்தூளும் சாம்பலும் போய் உட்கார்ந்தால் அடுப்பு சளி பிடித்த மூக்கு மாதிரிதான். மேல் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தாலும் முள் அசையாது.

உங்கள் முள் 300இல் நின்றதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கடையில் கிடைத்தது பெரும்பாலும் தேய்ப்புக் கடைக்காரர்கள் வாங்குகிற கரியாக இருக்கும். இஸ்திரிப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் அவர்களுக்குச் சின்னத் துண்டுதான் வேண்டும். அவர்களுக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை.

இனி மரம். அமெரிக்கர்கள் ஓக், ஹிக்கரி என்று பேசுவது அவர்கள் ஊரில் அந்த மரங்கள் மலிந்து கிடப்பதால். அர்ஜென்டினா, பராகுவே பக்கத்தில் கெப்ராச்சோ என்ற இரும்பு போன்ற மரத்தைச் சுடுகிறார்கள். ஜப்பானில் ஒருவகை ஓக் மரத்தை மிக அதிகச் சூட்டில் சுட்டு பின்சோட்டான் செய்கிறார்கள். தட்டினால் உலோகம் போல ஒலிக்கும் கரி அது. ஆனால் பற்றவே வெகு நேரம் எடுக்கும், இந்த வகைக் கிரில்லுக்கு அதை வாங்குவது வீண் செலவு. எல்லோரும் தங்கள் மண்ணில் விளைந்த கெட்டியான மரத்தைத்தான் சுட்டிருக்கிறார்கள். நாமும் அதையே செய்தால் போதும்.

மரத்தின் பெயரில் சுவை இருக்கிறது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். விறகைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது முதலில் தண்ணீர் போகும், அப்புறம் புளிப்பு ஆவிகளும் தாரும் போகும். 400, 500 டிகிரி வரை வந்து நன்றாகச் சுட்ட கரியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் கார்பன்தான் மிஞ்சும். மரத்தின் வாசனையைத் தருகிற பொருட்களில் பெரும்பகுதி அதற்குள் பறந்துவிட்டிருக்கும். பிறகு எஞ்சுவது எவ்வளவு கெட்டி, எவ்வளவு சாம்பல் என்ற இரண்டு குணங்கள்தான். கெட்டியான மரத்தின் கரி கையில் எடுத்தால் கனக்கும், மெதுவாக எரியும். லேசான மரத்தின் கரி சட்டென்று பற்றிச் சட்டென்று தீரும்.

சீமைக்கருவேலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தென்மேற்கில் மெஸ்கீட் கரி என்று பெருமையாக விற்கிறார்களே, அந்த மரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் சீமைக்கருவேலமும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. மரம் கெட்டி, கரியும் கெட்டி, சூடும் நல்ல சூடு. இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இது பிடிக்கும். நிலத்தையும் கண்மாயையும் ஆக்கிரமித்துக் கிடக்கிற வெளிநாட்டு மரம் இது, வெட்டினால் வேரிலிருந்து மறுபடி தழைக்கும். நம் மேற்கு மலைக் காட்டு மரத்தைச் சுட்ட கரி என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். மலையில் ஒரு மரம் போனால் நம் ஆறுகளுக்குத்தான் கேடு.

சீமைக்கருவேலக் கரிக்குக் குறை இல்லாமல் இல்லை. ஒன்று, பொறி. மெஸ்கீட் கரிக்கும் இதே குணம் உண்டு. பட்டை ஒட்டிய துண்டும், ஈரமான துண்டும், பொடியும்தான் அதிகம் வெடிக்கும். இந்த மூன்றையும் விலக்கினாலே பெருமளவு குறைந்துவிடும். இன்னொன்று மண். மூட்டத்தில் விறகை அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, மண்ணால் மூடித்தான் தீ வைக்கிறார்கள். நாள் கணக்கில் புகைந்து ஆறிய பிறகு பிரிக்கும்போது அந்த மண்ணும் பொடிக் கல்லும் கரியோடு வந்துவிடும். மண் எரியாது. அடித்தட்டில் சாம்பலோடு சேர்ந்து கட்டியாகிக் காற்றுவழியை அடைக்கும். கல் சூடேறினால் வெடித்துத் தெறிக்கவும் செய்யும். மூட்டத்தின் ஓரத்தில் இருந்த விறகு சரியாகச் சுடாமல் பாதி விறகாகவே நிற்பதும் உண்டு. உங்கள் நெய்மீன் கசந்ததற்கு முதல் சந்தேகம் அந்தக் கொள்ளித் துண்டுகள் மேல்தான். பாதி சுட்ட துண்டில் தார் மிச்சமிருக்கும், அதன் புகைதான் மீனில் படிகிறது.

சவுக்குக் கரி கிடைத்தால் விடாதீர்கள். உருண்டைத் தடியாக இருக்கும், கெட்டி, பொறியும் குறைவு. புளியங்கரி கொல்லர் உலைக்கு விரும்பித் தேடுகிற சரக்கு, எப்போதாவதுதான் வரும். நம் மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டுவதால் ரப்பர் மரக் கரியும் மலிவாகக் கிடைக்கலாம். தோட்டத்தில் வெட்டிய மரத்தை நேராகச் சுட்டிருந்தால் கெடுதல் இல்லை, லேசான கரி என்பதால் ஒரு மணி நேரச் சமையலுக்கு ஆகும். மரச்சாமான் பட்டறையில் கழித்த துண்டுகளைச் சுட்ட கரி என்றால் வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க ரப்பர் பலகையில் போரான் உப்புகளை ஏற்றியிருப்பார்கள், பசையும் பாலிஷும் வேறு இருக்கும்.

கடையில் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சில்லறைக் கடையை விட்டுவிட்டு, அல்பாம், தந்தூரி கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்தக் கரிக்காரரைப் பிடியுங்கள். உங்கள் ஊர் ஓட்டலில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். அவர்களிடம் சரக்கு தங்காது, வாரத்துக்கு வாரம் லோடு மாறும். “பெரிய கட்டை, தூர்க் கட்டை கலந்தது வேணும், தூள் வேண்டாம்” என்று சொன்னாலே அவர்களுக்குப் புரியும். அடிமரத்திலும் தூரிலும் சுட்ட கரி கனமாக இருக்கும். மெல்லிய கொம்பில் சுட்ட குச்சிக் கரி சீக்கிரம் நொறுங்கும்.

சாக்கின் வாயைத் திறந்ததும் தெரிகிற பெரிய துண்டுகளை நம்பாதீர்கள். வாய்ப் பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சாக்கை லேசாகத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அடியிலிருந்து கரும்புகை போல் பொடி கிளம்பினால் தூள் அதிகம். சாக்கின் அடிமூலையைக் கையால் அழுத்திப் பாருங்கள், துண்டு துண்டாகத் தட்டுப்பட வேண்டும், மணல் மூட்டை போல மெத்தென்று இருக்கக் கூடாது. பிறகு கையளவு துண்டு ஒன்றை எடுத்து இன்னொரு துண்டால் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட, காய்ந்த கரி கணீரென்று ஒலிக்கும். பாதி சுட்டதோ ஈரமானதோ ‘தொப்’பென்று சொல்லும். அந்தத் துண்டை உடையுங்கள். உடைந்த இடம் மினுமினுப்பாக, நல்ல கறுப்பாக, மரத்தின் வளையங்கள் தெரியும்படி இருக்க வேண்டும். நடுவில் காப்பிக் கொட்டை நிறத்தில் பழுப்பு தெரிந்தால் அது கொள்ளி. உடைக்கவே முடியாமல் நார் நாராகப் பிரிந்தாலும் கொள்ளிதான். ஒரு சாக்கில் ஒன்றிரண்டு இருப்பது சகஜம், பொறுக்கி எறிந்துவிடலாம். கைவிட்ட இடமெல்லாம் கொள்ளியாக வந்தால் அந்தச் சாக்கை வாங்காதீர்கள். மூக்கருகே வைத்து முகர்ந்தும் பாருங்கள். நல்ல கரிக்கு வாசனையே இருக்காது. புகைக் கூண்டு நெடியோ மண்ணெண்ணெய் நெடியோ அடித்தால் வைத்துவிடுங்கள்.

எடைக்கு விற்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பதை மறக்காதீர்கள். மூட்டத்தைப் பிரிக்கும்போது தீ அணையத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். எடை கூடட்டும் என்று பிறகு தெளிப்பவர்களும் உண்டு. வாங்கிய கரியில் ஒரு கிலோவை நிறுத்து, தகரத்தில் பரப்பி, நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். 900 கிராமுக்கு வந்துவிட்டால் பத்துக் கிலோ சாக்கில் ஒரு லிட்டர் தண்ணீரை வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் சூடு, கரி மொத்தம் தருகிற சூட்டில் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே ஈரத்தால் சூடு குறைகிறது என்பதைவிட, பற்றத் தாமதம், வெடிப்பு, ஆரம்பத்தில் வருகிற வெள்ளைப் புகை ஆகியவைதான் உண்மையான தொல்லை. அப்புறம் காசு.

நம் மாவட்டத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இடைப்பட்ட மாதங்களிலும் குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் காற்றில் ஈரம் குறைவதில்லை. சூட்டோடு வெளிவந்த கரியில் ஈரம் இருக்காது, ஆனால் காற்றிலிருந்தே கரி ஈரத்தை இழுக்கும். எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஏறிவிடும். சிமெண்டுத் தரையில் சாக்கை வைத்தால் அடியிலிருந்தும் ஏறும். வாங்கியதும் தார்ப்பாயில் கொட்டி இரண்டு வெயில் காயவிட்டு, மூடியுள்ள நீல பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, டிரம்மைப் பலகை மேல் வையுங்கள். மூட்டத்திலிருந்தோ கரி சுடும் இரும்பு டிரம்மிலிருந்தோ அப்போதுதான் எடுத்த புதுக் கரியாக இருந்தால் மட்டும் உடனே மூடி வைக்காதீர்கள். உள்ளே கனல் ஒளிந்திருக்கலாம், புதுக் கரி காற்றை இழுத்துத் தானாகச் சூடேறுவதும் உண்டு. ஒன்றிரண்டு நாள் திறந்த வெளியில், வீட்டைவிட்டுத் தள்ளிக் கிடக்கட்டும்.

காயவைக்கிற அதே நேரத்தில் சலித்துவிடுங்கள். கொத்தனார் மணல் சலிக்கிற சல்லடையில் கண் கொஞ்சம் பெரிதாக, முக்கால் அங்குலம் அளவுக்கு இருந்தால் போதும். மேலே நிற்பதைக் கையால் பிரியுங்கள். கைமுட்டி அளவுள்ளவைதான் முக்கியச் சரக்கு. அதைவிட மிகப் பெரியதைச் சுத்தியலால் இரண்டாக்குங்கள். பெரும் கட்டைகள் குறுக்கே மாட்டிக்கொண்டால் நடுவில் வெற்றிடம் விழும், தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் நின்றுவிடும். எலுமிச்சை அளவுள்ளவை தனியாக இருக்கட்டும். சல்லடைக்குக் கீழே விழுந்த பொடியைத் தூக்கி எறிய வேண்டாம். சாணிக் கரைசலில் ஊறவைத்து வாழைக்கும் தென்னைக்கும் தடத்தில் போடலாம்.

சிரட்டைக் கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதை இளப்பமாக நினைக்கக் கூடாது என்பதற்காக. சிரட்டை நம் மரங்களைவிடக் கெட்டியான பொருள். அதன் கரி நல்ல சூடு தரும், சாம்பல் குறைவு, புகை குறைவு. தண்ணீர் சுத்திகரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்வதற்கு ஆலைகள் இதைத்தான் தேடி வாங்குகின்றன. இதன் குறை தரத்தில் இல்லை, வடிவத்தில்தான். மெல்லிய, வளைந்த சில்லுகள். ஒன்றின் மேல் ஒன்று செருகிக்கொண்டு அடுக்காகிவிடும், காற்றுக்கு வழியே இருக்காது. கிரில்லை அதை மட்டும் போட்டு நிரப்பினால் மேலே உள்ளது வேகமாக எரியும், கீழே உள்ளது மூச்சுத் திணறும். ஆகவே அடியில் பெரிய விறகுக் கரி, அதன் மேல் கால் பங்குக்கு மிகாமல் சிரட்டைக் கரி. சீக்கிரம் பற்றவும், மீன் தோல் மொறுமொறுப்பாகத் தேவையான அந்த முதல் சூட்டுக்கும் இதற்கு நிகரில்லை. அயிலையோ சாளையோ பத்து நிமிடத்தில் சுட்டு எடுக்க வேண்டுமென்றால் அடியில் பெரிய துண்டுகள் ஒரு வரிசை, மேலே சிரட்டை, அவ்வளவு போதும்.

வீட்டிலேயே சுடுவதற்கு மூடியுள்ள ஒரு இரும்பு டிரம் வேண்டும். அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, நெருப்பு மேலேறி வர வர மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள். புகை மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிற வரை எரியட்டும். புகை மெலிந்து, சிரட்டை முழுக்கச் செந்தணலாகித் தெரிந்ததும் மூடிபோட்டு விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசிவிடுங்கள். மறுநாள் திறக்கலாம். மூன்று நான்கு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும். டிரம்மின் பூச்சு, உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதைப் பார்த்து எடுங்கள். பெயிண்டோ ரசாயனமோ இருந்த டிரம் வேண்டாம். பக்கத்து வீட்டில் துணி காயப் போட்டிருக்கிற நேரமும் வேண்டாம், புகை பலமாக வரும். சுடாத பச்சைச் சிரட்டையை நேராகக் கிரில்லில் போடுவது சரியில்லை. கரும்புகையும் தாரும் செராமிக்கின் உள்சுவரில் படிந்து, அடுத்தடுத்த சமையலிலும் நெடி அடிக்கும்.

சில பொருட்களை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று யாரும் தீயில் போட்டுவிடக் கூடாது. முதலாவது அண்டித்தோடு, அதாவது முந்திரிக்கொட்டையின் ஓடு. அண்டி ஆபீஸ்கள் எனும் முந்திரி ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவரும், எண்ணெய் இருப்பதால் கொழுந்துவிட்டு எரியும். அந்த எண்ணெய்தான் தோலைப் புண்ணாக்குகிறது, அண்டி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல், சாப்பாட்டில் படவே கூடாது. அடுத்து பழைய வள்ளத்தின் பலகை. பெயிண்டும் பாசி பிடிக்காத மருந்தும் உப்பும் ஊறிய மரம் அது, சுட்டாலும் கரியானாலும் ஆகாது. வளைகுடாவிலிருந்து கொண்டுவருகிற, தீக்குச்சி காட்டினாலே பொரிந்துகொண்டு பற்றுகிற வட்டமான ஹூக்கா வில்லைகளில் சீக்கிரம் பற்றுவதற்கான ரசாயனம் கலந்திருக்கும், மீனுக்குக் கீழே அது வேண்டாம். சதுரமாக அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளில் மாவுப் பசையும் சிலவற்றில் சுண்ணாம்பும் கலந்திருக்கும். சாம்பல் விறகுக் கரியைவிடப் பல மடங்கு விழும். திறந்த அடுப்பில் பரவாயில்லை, உங்கள் கிரில்லின் சின்னக் கதவுக்கு அந்தச் சாம்பல் பெரும் சுமை.

அடுக்குவது எப்படி என்றால், முதலில் பழைய சாம்பலை முழுக்க வாரிவிட்டு, அடித்தட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் நீக்குங்கள். பெரிய துண்டுகளைக் கையால் அடியில் பரப்புங்கள், சாக்கைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டாம். நடுத்தரத் துண்டுகள் அதன் மேல், எலுமிச்சை அளவு கடைசியில். போன முறை மிஞ்சிய கரியைக் கிளறிச் சாம்பலை உதிர்த்துவிட்டு மேலே சேர்த்துக்கொள்ளலாம், அது சீக்கிரம் பற்றும். 18 அங்குல கிரில்லில் கரி போடும் கூடு நிறைய வைத்தால் ஏறத்தாழ நான்கு கிலோ பிடிக்கும். நல்ல கரியாக இருந்தால் 225 ஃபாரன்ஹீட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரண்டு மணி நேரத்தில் அடங்கியது கரி தீர்ந்து அல்ல, மூச்சு முட்டித்தான் என்பதற்கு, அன்று அணைந்த பிறகு கூட்டில் எவ்வளவு கரி மிஞ்சியிருந்தது என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், பெட்ரோல் நினைக்கவே வேண்டாம். செராமிக் அந்த நெடியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம்மிடம் சில்லாட்டை (தென்னையின் பன்னாடை) இருக்கிறது, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) இருக்கிறது, காய்ந்த கதம்பை (தேங்காய் மட்டை) இருக்கிறது. சில்லாட்டையைச் சுருட்டிக் கரியின் நடுவில் குழிபறித்து வைத்து, மேலே நாலு சிரட்டைக் கரித் துண்டு போட்டுத் தீ வையுங்கள். மூடியைத் திறந்தபடி பத்து நிமிடம். பிறகு மூடி, இரு துவாரங்களையும் முழுக்கத் திறந்துவிட்டு, வேண்டிய சூட்டுக்கு 50 ஃபாரன்ஹீட் முன்னாலேயே குறைக்கத் தொடங்குங்கள். தாண்டிப் போய்விட்டால் செராமிக் இறங்க வெகு நேரமாகும்.

உணவை எப்போது வைப்பது என்பதைப் புகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், மானியைப் பார்த்து அல்ல. ஆரம்பத்தில் அடர்த்தியாக வெள்ளையாக வரும். கையை அதில் காட்டி முகர்ந்தால் மூக்கைக் குத்தும். அது போய், வெயிலில் பார்த்தால் மட்டுமே தெரிகிற மெல்லிய நீலமாக மாறின பிறகுதான் மீனை வைக்க வேண்டும். காய்ந்த நல்ல கரிக்கு இது அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நெய்மீன் கசந்ததற்கு இரண்டாவது காரணம் இந்தப் பொறுமையின்மையாகவும் இருக்கலாம். புகை மணம் வேண்டுமென்றால் கரியில் தேடாமல், நன்றாகக் காய்ந்த கொய்யா அல்லது பலாக் கட்டை ஒரு துண்டு, கைமுட்டி அளவில், கரிக்கு நடுவே புதைத்து வையுங்கள். மீனுக்குக் கொய்யா எனக்கு மிகவும் பிடித்தது. வேப்பங்கட்டை வேண்டாம், அரளிக் கிளை விஷம், அதை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

சூடாக இருக்கும் கிரில்லின் மூடியைச் சட்டென்று திறக்கக் கூடாது. உள்ளே காற்றுக்கு ஏங்கிக் கிடக்கிற தீ ஒரேயடியாகக் கொழுந்துவிட்டு முகத்தில் அடிக்கும், புருவம் கருகும். இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி காற்றை விட்டு, பிறகு முழுக்கத் திறவுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். மழை வந்துவிட்டதே என்று கார் நிறுத்தும் ஷெட்டுக்குள்ளோ ஓட்டுத் தாழ்வாரத்தை அடைத்தோ எரிக்காதீர்கள். கரித்தீ வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வேலை முடிந்ததும் மேல் துவாரத்தையும் கீழ்க் கதவையும் மூடினால் தீ தானாக அணையும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். தண்ணீர் ஊற்றினால் செராமிக் விரிசல் விடும்.

முதல் சாக்கு நல்லதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. கூட்டைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு கிலோ கரியை நிறுத்துப் போட்டு முழுக்க எரியவிட்டு, ஆறிய சாம்பலை நிறுத்துப் பாருங்கள். 60 முதல் 100 கிராம் என்றால் நல்ல சரக்கு. 200ஐத் தாண்டினால் மண்ணையும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள், அடுத்த முறை கரிக்காரரிடம் அந்தக் கணக்கைச் சொல்லியே கேளுங்கள். நல்ல சாக்கு அமைந்தால் மாசி, பங்குனியிலேயே வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்து டிரம்மில் அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராமநாதபுரம் பக்கமும் மழை, மூட்டம் போடுவது சிரமம். அந்த நேரத்தில் வருகிற சரக்கில் ஈரமும் அதிகம், விலையும் அதிகம்.